தொண்ணூற்றைந்தில் எழுந்த கோடு

1

இந்த வருடம் எங்கள் வீட்டு வாணிவிழாவில், சரஸ்வதி பூசையில், கற்பூரம் கொளுத்தவில்லை. பருத்தித்துறையிலிருந்து வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை, ஜெர்மனியில் கற்பூரத்துக்கும் தடை போட்டுவிட்டார்களா என்று கேட்டாள். அப்படி எதுவும் இல்லை. தமிழ்க் கடையில் சொன்னால் பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். தடையை எனக்கு நானே போட்டுக்கொண்டேன். காரணத்தை அவளுக்குச் சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். ஃபோனில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் மியூனிக்குக்குப் பக்கத்தில் ஒரு வானியல் ஆய்வு நிலையத்தில் வேலை செய்கிறேன். உடனே பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ராக்கெட்டில் ஏறப்போகும் கருவிகளைத் துடைப்பது, பொதிவது, திரும்பி வந்தால் பிரிப்பது, இவைதான் என் வேலை. ஊரில் என் மாமியார் வீட்டார் அதை "ராக்கெட் கொம்பனி" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

2

எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் நட்சத்திரங்களிலிருந்து எந்நேரமும் நம்மை நோக்கி வந்துகொண்டுதான் இருக்கின்றன. காற்று மறித்துவிடுகிறது. மறிப்பதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம், அவற்றைப் பார்க்க முடியாமலும் இருக்கிறோம். பார்க்க வேண்டுமானால் காற்றுக்கு மேலே போக வேண்டும். அதற்குச் சுருக்கமான வழி ஒரு சின்ன ராக்கெட். நேரே மேலே போய், ஐந்து நிமிடம்போலக் காற்றுக்கு வெளியே நின்றுவிட்டு, பரசூட்டில் கீழே வரும். அந்த ஐந்து நிமிடத்தில் கண்டதுதான் கண்டது. அதற்காக ஒரு கூட்டமே வருடக்கணக்கில் உழைக்கும்.

இந்த வித்தை தொடங்கிய கதையை எனக்குச் சொன்னவள் நித்யா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, முனைவர் பட்டம் முடித்துவிட்டு இங்கே ஆய்வு செய்கிறாள், எங்கள் கட்டடத்தில் என்னைத் தவிர தமிழ் பேசும் ஒரே ஆள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரர் செய்து லண்டன் மேல் ஏவிய ராக்கெட்டுகளின் மிச்சத்தை அமெரிக்கர்கள் கொண்டுபோய், வெடிமருந்து இருந்த மூக்குக்குள் கருவிகளை வைத்துப் பாலைவனத்திலிருந்து மேலே விட்டார்களாம். சூரியனின் புற ஊதாக் கதிரைப் படம்பிடிக்கப் போன முதற்கருவி ராக்கெட்டோடு சேர்ந்து தரைக்குள் புதைந்துபோனது. கிண்டிப் பார்த்தும் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. பிறகு கருவியை மூக்கில் வைக்காமல் வாலில் வைத்தார்கள், படம் தப்பியது. பின்னாளில் எக்ஸ் கதிர்க்காரர்களுக்கு ஒரு பறப்பில் எல்லாம் சரியாக நடந்து, கருவியின் கதவு மட்டும் திறக்கவில்லை. அடுத்த பறப்பில் திறந்தது. சந்திரனிலிருந்து கதிர் வருகிறதா என்று பார்க்கப் போனவர்கள், விருச்சிகத்துப் பக்கமிருந்து யாரும் எதிர்பாராத ஒரு பெருவெளிச்சத்தைக் கண்டு திரும்பினார்கள்.

அவள் அதை ஆசையாகச் சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ராக்கெட் என்றால் அவளுக்கு மேலே போகும் சாமான். எனக்கு அது வந்து விழும் சாமான். கூவும் சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்கி, எத்தனையில் வெடிக்கிறது என்று பார்த்த பிள்ளைகள் நாங்கள். விழுந்த ராக்கெட்டைக் கொண்டு வானத்தைப் பார்க்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று ஆறுதலும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் கூட.

3

என் வேலைக்கு முதல் தகுதி மணக்காமல் இருப்பது. தலைக்கு எண்ணெய், பவுடர், சென்ட், கிறீம், பொட்டு எதுவும் கூடாது. விபூதியை வீட்டில் பூசி வீட்டிலேயே துடைத்துவிட்டுத்தான் புறப்படுவேன். புற ஊதாக் கண்ணாடியில் கண்ணுக்கே தெரியாத ஒரு பசைப் படலம் படிந்தால் போதும், அது குருடாகிவிடும். ஆகவே அந்தத் தூய அறைக்குள் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நிற்போம்.

மணக்காமல் இருக்க நான் இந்த வேலைக்காகப் பழகவில்லை. அகதியாக வந்த புதிதில் பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தேன். அங்கே ஒருநாள் என் உடுப்புப் பெட்டிக் கதவில் யாரோ ஒரு வாசனைப் புட்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எழுத்து எதுவும் இல்லை, ஆனால் விளங்கியது. அன்று தொடங்கியதுதான். கறித்தூள் வறுப்பது கோடையில் மட்டும், எல்லா யன்னலையும் திறந்துவைத்து. வேலை உடுப்புக்குத் தனி அறை. பின்னாளில் இந்த நிலையத்தில் சேர்ந்தபோது, பயிற்சி தந்தவர் என்னைப் போலச் சுத்தமான ஆளைக் கண்டதில்லை என்றார். அந்த வார்த்தையை நான் பதக்கம்போல வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. முதல் விண்ணப்பம் நிரப்பிய அன்று அப்பாவின் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் விழுந்தது, அது விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான் ஃபிராவ், அதாவது திருமதி, கணபதிப்பிள்ளை. எங்கள் திட்டத் தலைவர் லோரென்ஸ் நல்ல மனநிலையில் இருந்தால் ஃபிராவ் கணா என்பார். முழுப் பெயரும் வாயில் வந்தால் எங்கோ பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

4

கடந்த மாசி மாதம் எங்கள் கருவிக்குப் போர்த்தும் துணியுறை அளவு பிழைத்து வந்து சேர்ந்தது. புதிதாக எடுப்பிக்க ஓர் அன்ட்ராக் விண்ணப்பம், அதற்கு மூன்று கையெழுத்து, பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், காத்திருப்பு. கருவி அவ்வளவு நாள் சும்மா நிற்க முடியாது. எனக்குத் தைக்கத் தெரியும் என்று லோரென்ஸுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுத்தம் செய்து முத்திரை வைத்த துணியை என்னிடம் தந்தார். நான் வீட்டில், நன்றாகத் துடைத்த மெஷினில், கையுறை போட்டுக்கொண்டு தைத்தேன். தையல் ஒரு நூல் பிசகவில்லை.

தைத்தது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வரை அதை வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அடுக்களைப் பக்கம் ஏலாது. உடுப்பு அலுமாரியில் சவர்க்கார மணம். எங்கள் வீட்டில் எச்சில் கை படாத, மச்ச வாடை அண்டாத, துடக்கு நாளில் நான்கூடத் திறக்காத இடம் ஒன்றுதான் உண்டு, சாமி அலுமாரி. குளித்துவிட்டு வந்து, உறையை மெல்லிய பொலித்தீன் பையில் இட்டு, மேல் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கீழ்த் தட்டில் கற்பூர டப்பா இருந்தது. அதன் மூடி ஒருபோதும் இறுகியதில்லை.

திங்கட்கிழமை அந்த உறையை நிலையத்துச் சூட்டடுப்பில் வைத்துச் சூடேற்றியிருக்க வேண்டும். அதுதான் முறை. அடுப்புக்குத் தெர்மின், அதாவது முறைநாள், கிடைக்கவில்லை, இரண்டு கிழமைக்கு முழுவதும் நிரம்பியிருந்தது. அல்ககோலால் துடைத்துவிட்டுப் போடலாம் என்று முடிவாயிற்று. சுத்தப் படிவத்தில், பொருள் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று ஒரு கேள்வி. "சுத்தமான அலுமாரி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அது பொய் இல்லை. அதைவிடச் சுத்தமான அலுமாரி ஜெர்மனியில் இல்லை என்றுதான் நினைத்தேன்.

5

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு புதன்கிழமை, பத்து மணி இருக்கும். கருவி வெற்றிடத் தொட்டிக்குள் இருந்தது. பின்னேரம் இரண்டு மணிக்குப் புற ஊதா விளக்கைப் போட்டுக் கண்ணாடியின் பார்வையை அளக்க வேண்டும். நித்யா வெளியே கணினிக்கு முன்னால் இருந்தாள். தொட்டிக்குள் மிஞ்சியிருக்கும் வாயுக்களை எடை பிரித்துக் காட்டும் கருவி ஒன்று அதோடு இணைந்திருந்தது. ஒவ்வோர் எடைக்கும் திரையில் ஒரு கோடு எழும்பும். தண்ணீருக்குப் பதினெட்டில். தொண்ணூற்றைந்தில் ஒன்றும் எழும்பக் கூடாது.

"அக்கா, இங்க வாங்களேன்" என்றாள். "தொண்ணூத்தஞ்சுல ஒரு பீக். நூத்தம்பத்திரெண்டுல சின்னதா இன்னொண்ணு. சாஃப்ட்வேர் என்ன சொல்லுது தெரியுமா, கற்பூரமாம். யாரோ டேங்க் உள்ள தீபாராதனை காட்டின மாதிரி."

சிரித்துக்கொண்டே திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அவளும் கற்பூரம் இருக்கும் வீட்டில் வளர்ந்தவள். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். லோரென்ஸ் அதை ஏதோ பசையின் ஆவி என்று நினைக்கிறார், அளவு குறைவுதானே என்று விளக்கைப் போடச் சொல்லிவிட்டார், தள்ளிப்போட்டால் சுவீடனில் ஏவுதளத்தின் முறை தவறிப்போகும் என்றாள்.

விளக்கைப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். படலமாக ஏதாவது கண்ணாடியில் இருந்தால், அந்த ஒளி அதை அடிப்பிடித்த பால்போல ஒட்டவைத்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது என்றாள். ராக்கெட் மேலே போகும், கதவு திறக்கும், ஐந்து நிமிடமும் கண்ணாடி அரைக் குருடாக நிற்கும்.

"அக்கா, நான் 'அன்நோன்'னு எழுதிடறேன். அதுல பொய் எதுவும் இல்ல. உங்க கான்ட்ராக்ட் வேற கையெழுத்துக்கு இருக்கு."

அது உண்மைதான். என் ஃபெர்ட்ராக், வேலை ஒப்பந்தம், சித்திரையோடு முடிய இருந்தது. அதை நீடிக்கும் கடிதம் லோரென்ஸின் மேசையில் கிடந்தது. ஐம்பத்தேழு வயதில் இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை. என் கணவர் ஓட்டும் நகரப் பேருந்து ஒன்றுதான் மிச்சம்.

மதிய இடைவேளையில் வெளியே போய் மகளுக்கு ஃபோன் எடுத்தேன். மதுரா டிரெஸ்டனில் சட்டம் படிக்கிறாள். இங்கே மியூனிக்கிலேயே படித்திருக்கலாம், போகத்தான் வேண்டும் என்று போனவள். வீட்டுக்கு வருவது வருடத்தில் இரண்டு மூன்று தரம், கோயிலுக்கு அதுவும் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு உடனே சொன்னாள்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ அம்மா. முதல் ஃபெர்ட்ராக் கையெழுத்தாகட்டும்."

"லைட்டைப் போட்டினமெண்டா கண்ணாடி போயிடும், பிள்ளை."

"போகட்டும். அவை கற்பூரம் எண்டோ எழுதுவினம்? எங்கட வீடு மணக்குது எண்டுதான் எழுதுவினம்."

பிறகு அவளே வேறு குரலில் கேட்டாள்.

"நான் பள்ளிக்கூடம் போகேக்கை என்ர குளிர்க் கோட்டை ஏன் பால்கனியிலை கொழுவினனான் எண்டு நினைச்சனீங்கள்?"

நல்ல காற்றுப் படட்டும் என்று தொங்கவிடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். பனி கொட்டும் காலத்திலும் விறைத்துப்போன கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு போவாள். ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை. இப்போது வந்தாலும் அங்கேதான் கொழுவுகிறாள். வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பொத்தியதை அன்றுதான் சொன்னாள். நான் யன்னல் திறந்து கறித்தூள் வறுத்ததெல்லாம் வீணாய்ப் போயிருந்தது. ஃபோனை வைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். இத்தனை வருடம் தாயும் மகளும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பயத்தைக் காவிக்கொண்டு திரிந்திருக்கிறோம். இப்போது அந்தப் பயத்துக்கு ஒரு கண்ணாடியையும் பலி கொடுக்கப் போகிறேனா என்று நினைத்தேன்.

ஒன்று நாற்பது. விளக்கின் விசை தூய அறைக்குள், தொட்டிக்குப் பக்கத்தில். லோரென்ஸ் உள்ளே போய்விட்டார். உள்ளே ஃபோன் இல்லை. ஓடிப்போய்ச் சொல்லவும் முடியாது, அவசரப்பட்டால் தூசி கிளம்பும். தலையுறை, முகமூடி, அங்கி, காலுறை, இரண்டு சோடிக் கையுறை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு. கையுறையின் விரல்கள் எனக்கு அகப்படவில்லை. காற்று ஊதும் சின்ன அறைக்குள் எண்ணி முப்பது விநாடி நிற்க வேண்டும். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் லோரென்ஸ் விசைப் பெட்டியின் மூடியைத் திறப்பது தெரிந்தது. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். சின்ன வயதில் எண்ணியதுபோலவே எண்ணினேன்.

உள்ளே போனதும் சொன்னேன். பதற்றத்தில் என் ஜெர்மன் இலக்கணம் சிதறிப்போனது, ஆனால் விஷயம் சிதறவில்லை. விளக்கைப் போட வேண்டாம், அது பசை இல்லை, கற்பூரம், உறையோடு என் வீட்டுச் சாமி அலுமாரியிலிருந்து வந்தது.

அவர் கையை எடுத்தார். முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது.

"ஃபிராவ் கணபதிப்பிள்ளை" என்றார். விசைப் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டு, "அந்த அலுமாரியில் வேறு என்ன இருக்கிறது?"

6

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கத்தவில்லை. எங்கள் இருவரையும் கூட்ட அறைக்குக் கூட்டிப்போய், அலுமாரியில் உள்ள ஒவ்வொன்றையும் சொல்லச் சொன்னார். நித்யா தட்டெழுதினாள். விபூதி என்றேன். எதனால் ஆனது, ஆவியாகுமா, எண்ணெய்த் தன்மை உண்டா என்று கேட்டார். சந்தனத்துக்கும் அதே கேள்வி. குங்குமத்துக்கும், நல்லெண்ணெய்க்கும், காய்ந்த பூவுக்கும் அதே கேள்வி. பிள்ளையார் எதனால் செய்தது என்றார். பித்தளை என்றேன். பித்தளையால் பிரச்சினை இல்லை என்று எழுதச் சொன்னார். நித்யா தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. முப்பது வருடம் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்த வீடு ஒரு மணி நேரத்தில் அட்டவணையாகிவிட்டது. எனக்குக் காது சூடேறி, நாற்காலியோடு தரைக்குள் போய்விட வேண்டும்போல இருந்தது.

அடுத்த நாள் கற்பூர டப்பாவை இரும்புப் பேணிக்குள் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அளந்து பார்த்தார்கள். அதே தொண்ணூற்றைந்து, அதே நூற்றைம்பத்திரண்டு. இன்னதென்று தெரிந்தபடியால் வழியும் தெரிந்தது. பசையின் ஆவி என்றால் கஷ்டம், கற்பூரம் என்றால் இளஞ்சூட்டில் தானாகக் கழன்று போகும். விளக்கைப் போடாமல், தொட்டியை மெல்லச் சூடேற்றி, இரவுபகலாக உறிஞ்ச வைத்தார்கள். நான் காலையில் வந்ததும் திரையைப் பார்ப்பேன், போகும்போதும் பார்ப்பேன். வியாழன், வெள்ளி, கோடு குறைந்தது. சனி ஞாயிறு எனக்கு வேலை இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நித்யா மணிக்கொரு தரம் படம் எடுத்து அனுப்பினாள். ஊரில் கற்பூரத்தைப் பற்றி நாங்கள் சொல்வது, எரிந்தால் மிச்சம் வைக்காது என்று. எரியாமல் சும்மா இருக்கிற கற்பூரம் என்ன செய்யும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

திங்கட்கிழமை கோடு தரையோடு படுத்திருந்தது. விளக்கைப் போட்டார்கள். கண்ணாடியின் பார்வை திரும்பியிருந்தது, ஒரு சின்னக் குறையைத் தவிர. அந்தக் குறையை லோரென்ஸ் எனக்கு வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். மறைக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

அறிக்கை வந்ததும் திறந்தேன். மகள் சொன்ன வாக்கியத்தைத் தேடினேன், அது இல்லை. காரணம் என்ற இடத்தில், சூடேற்றாத உறையை ஏற்றுக்கொண்டது என்றும், பொறுப்பு என்ற இடத்தில் லோரென்ஸின் பெயரும் இருந்தன. கண்டறிந்தவர்கள் என்ற இடத்தில் நித்யாவின் பெயருக்குப் பக்கத்தில் என் அப்பாவின் பெயர், ஒரு எழுத்துக்கூடப் பிழைக்காமல். தண்டனையும் இருந்தது. இனி நான் சுத்தப் படிவத்தில் தனியாகக் கையெழுத்து வைக்க முடியாது, பக்கத்தில் இன்னொருவரும் வைக்க வேண்டும். ஃபெர்ட்ராக்கும் கேட்டபடி இரண்டு வருடத்துக்கு நீளவில்லை, ஒரு வருடம்தான். நியாயம் என்றுதான் நினைக்கிறேன். சில நாளில் நியாயம் இல்லை என்றும் நினைக்கிறேன்.

7

ஆவணியில் ராக்கெட் போனது. வட சுவீடனுக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. லோரென்ஸும் போகவில்லை, நித்யாதான் போயிருந்தாள். நிலையத்துக் கூட்ட அறையில் எல்லோரும் திரைக்கு முன்னால் இருந்தோம். நான் கடைசி வரிசையில், கதவோரமாக இருந்தேன். காற்று பிழை என்று இரண்டு தரம் நிறுத்தினார்கள். மூன்றாம் தரம் எண்ணிக்கை பூச்சியத்தைத் தொட்டதும் ஒலிபெருக்கியில் வந்த இரைச்சலுக்கு என் கால் மேசைக்குக் கீழே இடம் தேடியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இது போகிற ராக்கெட், வருகிறது இல்லை என்று எனக்கு நானே தமிழில் சொல்லிக்கொண்டேன்.

இரைச்சல் அடங்கியது. திரையில் ஓர் எண் மட்டும் நின்றது, பூச்சியம். கண்ணாடியில் விழும் ஒளித்துகள்களை எண்ணும் இலக்கம் அது. பூச்சியம் அசையவே இல்லை. திறக்காத கதவோடு போய்வந்த அந்தப் பழைய ராக்கெட்டின் நினைவு எனக்கு வந்தது. அந்த அறையிலும் இப்படித்தானே இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். என் கற்பூரம் இன்னும் எங்காவது ஒரு மூலையில் ஒளித்திருக்கிறதோ என்றும் பயந்தேன்.

பிறகு எண் ஓடத் தொடங்கியது. பத்து, நூறு, படிக்க முடியாத வேகத்தில்.

முன்வரிசையிலிருந்து லோரென்ஸ் எழுந்து திரும்பி, தலைகளுக்கு மேலாக என்னைத் தேடினார்.

"ஃபிராவ் கணா, கதவு திறந்துவிட்டது."

ஐந்து நிமிடமும் நான் நின்றபடியே பார்த்தேன். உட்கார மறந்துவிட்டேன். முடிந்ததும் மதுராவுக்கு "கண்ணாடி பார்த்தது" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அவள் பதில் போடவில்லை.

வாணிவிழா அன்று, தங்கை ஃபோனை வைத்து வெகு நேரத்துக்குப் பிறகுதான் மதுரா வந்து சேர்ந்தாள். வருகிறேன் என்று அவளாகத்தான் சொல்லியிருந்தாள், ரயில் வழக்கம்போலத் தாமதம். பூசைத் தட்டைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியே அதுதான்.

"கற்பூரம் எங்கை?"

"திங்கக்கிழமை அடுத்த கண்ணாடி வருது" என்றேன். "என்ர கைதான் முதல் படப்போகுது."

அவள் சிரித்தாள். நான் பழக்கதோஷத்தில் அவளுடைய கோட்டுக்காகப் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டேன். குளிர் வருது அம்மா என்று அவள் அதைச் சாத்தினாள். கோட்டைக் கழற்றி, கடலை தாளித்த மணம் போகாத அடுக்களை வாசலில், என்னுடைய கோட்டுக்குப் பக்கத்துக் கொக்கியில் கொழுவிவிட்டு, சாப்பாடு போடச் சொன்னாள்.